ஓரம் தேய்ந்த டயர்

இலஞ்சி வேல்சாமியிடம் ஒரு பழைய டயரை உருட்டிக்கொண்டு வந்து காட்டினால் போதும், அது முன்சக்கரத்தில் கிடந்ததா பின்சக்கரத்தில் கிடந்ததா, எத்தனை மாதம் ஓடியது என்று சொல்லிவிடுவார். அத்தோடு நிறுத்தமாட்டார். ஓட்டினவன் எப்பேர்ப்பட்டவன் என்றும் சொல்வார். யாரும் கேட்காமலே சொல்வார் என்பதுதான் சங்கதி. “இவன் பிரேக்குலயே காலை வச்சிருக்கவன். இவன் கோவக்காரன், சேத்துல சிக்குனா இறங்கிப் பாக்காம ஆக்சிலேட்டர மிதிக்கவன்.” சுற்றி நிற்கிறவர்கள் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள். பத்தில் ஒன்பது சரியாகவும் இருக்கும். சரியில்லாமல் போன ஒன்றைத்தான் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

சுரண்டை ரோட்டில் காமராஜ் முதலாளிக்கு ஒரு கல்குவாரி. எட்டு டிப்பர் லாரிகள். அந்த எட்டு வண்டிகளின் டயர்களுக்கும் இருபத்தோரு வருடமாக வேல்சாமிதான் பொறுப்பு. மாட்டுவது, கழற்றுவது, இடம் மாற்றுவது, எப்போது தூக்கிப் போடுவது என்று முடிவு சொல்வது எல்லாம் அவர்தான். டயர் விஷயத்தில் முதலாளியே அவர் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசமாட்டார்.

தார்ரோட்டில் மட்டும் ஓடுகிற டயருக்கு ஆயுசு கெட்டி. குவாரிக்குள் இறங்கி ஏறுகிற டயருக்கு அப்படியில்லை. புதிதாக மாட்டும்போது டயர்மேல் புடைத்திருக்கிற ரப்பர் பட்டன்கள் ஒரு விரல் உயரத்துக்கு நிற்கும். சேற்றைக் கவ்விப் பிடித்துக்கொண்டு ஏறும். இரண்டு மாதத்தில் பட்டன் முனைகளைக் கல் கடித்துத் துப்பியிருக்கும். சாரல் காலம் இன்னும் மோசம். நனைந்த ரப்பரை உடைந்த கல் சுலபமாக அறுத்துவிடும். அந்த வெட்டுக்குள் மண்ணும் தண்ணீரும் புகுந்து உள்ளே இருக்கிற கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். குவாரியை விட்டு வெளியே வராத இரண்டு வண்டிகளின் டயர்கள் தேய்ந்து சாவதே இல்லை, வெட்டுப்பட்டுத்தான் சாகும். மற்ற ஆறும் லோடு ஏற்றிக்கொண்டு செங்கோட்டை வழியாகக் கேரளா போகிறவை. கல்லிலும் மிதிபட்டு, ரோட்டிலும் சூடேறி, மலை இறக்கத்தில் பிரேக்கும் பிடிபட்டு அவை தேயும். நடுவில் தேய்ந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு அப்படியே நின்றால் காற்றுக் குறைவு. இது வேல்சாமிக்கு அரிச்சுவடி.

அவருக்கு ஒரு சட்டம் உண்டு. திங்கட்கிழமை காலை, டயர் சூடாவதற்கு முன், எல்லா வண்டியும் அவர் முன்னால் நிற்க வேண்டும். காற்றை அளக்கிற தம் கேஜை வைத்துப் பார்த்து அவர் நூற்றிப்பத்து பவுண்டு அடிப்பார். வெளியே வேறு யாரும் வால்வைத் தொடக்கூடாது. “ஊருக்கு ஊரு கேஜு ஒவ்வொண்ணு சொல்லும்லே. நம்ம வண்டிக்கு எங் கேஜுதான்” என்பார். அந்தக் கேஜ் ஒருநாள் டிப்பரின் மேலிருந்து பாறையில் விழுந்து கண்ணாடி கீறிப்போயிற்று. எடுத்துத் துடைத்துப் பார்த்தார். முள் நன்றாகத்தான் ஆடியது. கீறலுக்கு மேல் டேப்பை ஒட்டிவிட்டு வேலையைப் பார்த்தார். இன்னொரு கேஜோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அவருடைய கேஜை வைத்துத்தான் மற்றதெல்லாம் சரியா என்று பார்ப்பது அவர் வழக்கம்.

அந்த வருடம் ஐந்தாம் நம்பர் வண்டியில் புது டயர்கள் மாட்டினார்கள். டிரைவர் சுடலைராஜ். சுரண்டைக்காரன், முப்பத்தைந்து வயது இருக்கும், மெலிந்து உயரமாக இருப்பான். திங்கட்கிழமை எல்லோருக்கும் முன்னால் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிறவன் அவன்தான். அண்ணாச்சி, அண்ணாச்சி என்று கூடவே நின்று வால்வு மூடியைக் கையில் வாங்கி வைத்துக்கொள்வான். எட்டு மாதம் வரவேண்டிய டயர்கள் அவனிடம் நாலரை மாதத்தில் முடிந்துபோயின. வேல்சாமி கையை விட்டுத் தடவிப் பார்த்தார். இரண்டு ஓரமும் மழமழவென்று தேய்ந்து, நடுப் பட்டன் மட்டும் நின்றது.

காற்றுக் குறைவு. ஆனால் காற்று அடித்தது அவர் அல்லவா? வாராவாரம் நூற்றிப்பத்து. அப்படியானால் ஒரே காரணம்தான் இருக்க முடியும் என்று அவர் நினைத்தார். சேற்றில் டயர் நன்றாகப் பிடிக்க வேண்டும் என்பதற்காகச் சில டிரைவர்கள் காற்றை இறக்கிவிடுவது உண்டு. இறக்கினவன் ரோட்டுக்கு வரும்போது திரும்ப அடிக்க வேண்டும். சோம்பேறி அடிக்கமாட்டான், அப்படியே கேரளா வரை ஓட்டுவான். திங்கட்கிழமைக்கு முன்னால் மட்டும் எங்காவது நிரப்பிக்கொண்டு நல்லபிள்ளையாக வந்து நிற்பான்.

முதலாளி முன்னால், மற்ற டிரைவர்கள் முன்னால், இதை அவர் சொன்னார்.

“நான் வால்வத் தொட்டதே இல்ல அண்ணாச்சி. எம் பிள்ளையள் மேல சத்தியம்” என்றான் சுடலைராஜ்.

“டயர் பொய் சொல்லாதுலே” என்றார் வேல்சாமி. அப்புறம் சும்மா இருந்திருக்கலாம். அவருக்கு வாய் கொஞ்சம் நீளம். “டயர்த்தின்னிப் பயலே” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கே சுடலைராஜை முதலாளி அனுப்பிவிட்டார். டயர்த்தின்னி என்ற பெயர் மட்டும் அவனுக்கு முன்னால் ஒவ்வொரு குவாரிக்கும் போய்ச் சேர்ந்தது.

ஐந்தாம் நம்பருக்கு அடுத்து வந்தவன் கோமதிசங்கர், புதுசு, பயந்த சுபாவம். அவனுக்கும் புது டயர்கள். ஐந்தாவது மாதம் பார்த்தால் அதே ஓரம், அதே தேய்மானம். இவனுமா என்று வேல்சாமிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அன்றைக்குத் தென்காசியில் அந்த வண்டி ஆணி ஏறி நின்றுவிட்டது. கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று வேல்சாமியே கிளம்பிப் போனார். வண்டி நின்றது சுஹைப் என்பவனின் பஞ்சர் கடையில். காலையில்தான் அவர் கையால் காற்று அடித்திருந்தார். பஞ்சரான டயரை ஒட்டிக்கொண்டே சுஹைப் மற்ற டயர்களையும் பார்த்தான்.

“எல்லாத்துலயும் தொண்ணூறுகூட இல்லியே அண்ணாச்சி.”

“உன் கேஜு தப்புலே.”

சுஹைப் உள்ளே போய் இன்னும் இரண்டு கேஜ் எடுத்து வந்தான். மூன்றும் ஒன்றையே காட்டின. வேல்சாமியின் கேஜ் மட்டும் நூற்றிப்பத்து காட்டியது. அவர் டேப் ஒட்டிய கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“உங்க குவாரி வண்டியெல்லாம் எப்பவும் இப்படித்தான் வரும். இருவது குறையுதுன்னு நான்தான் அடிச்சு விடுவேன். திங்கக்கிழமைக்கு முன்னால உங்களுக்குத் தெரியாம அத இறக்கிக்கிடுவாங்க” என்றான் சுஹைப், சக்கரத்தை முடுக்கிக்கொண்டே. “முன்னால ஓட்டுனாம்லா, சுடலைராஜு, அவன்தான் தொடவே விடமாட்டான். அண்ணாச்சி வைவாருன்னு சொல்லுவான். இந்தப் புதுப்பையனும் அதே மாதிரி.”

அவர் சொன்ன சொல்லைக் காற்றில் விட்ட டிரைவர்களின் டயரெல்லாம் நன்றாக இருந்தது. அவர் பேச்சை வேதவாக்காக எடுத்துக்கொண்டவனுக்குத்தான் தேய்ந்தது. அங்கே கிடந்த ஒரு பழைய டயரின் மேல் வேல்சாமி உட்கார்ந்துவிட்டார்.

மனிதர் நேரே போய் முதலாளியிடம் சொல்லியிருக்க வேண்டும். நாலு வார்த்தை. சொல்லவில்லை. புதுக் கேஜ் ஒன்று வாங்கினார். பழையது ரிப்பேர் என்றார். கோமதிசங்கரை ஒன்றும் சொல்லவில்லை. இருபத்தோரு வருடப் பேர் ஒரே நாளில் போய்விடுமே என்ற பயம்தான். வேறென்ன சொல்ல? வீட்டில் மனைவி வடிவம்மாளிடம்கூட அவர் மூச்சுவிடவில்லை. அடுத்த வாரம் சொல்லலாம் என்று நினைத்தார். பொங்கல் கழியட்டும் என்று நினைத்தார். சுடலைராஜுக்கு எங்காவது நல்ல வேலை கிடைத்திருக்கும், போய்க் கிளறுவானேன் என்றும் நினைத்துக்கொண்டார். இப்படியே இரண்டு வருடம் போய்விட்டது. இடையில் டயரைப் பார்த்து டிரைவரைச் சொல்கிற விளையாட்டை அவர் குறைத்துக்கொண்டதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை.

இந்த ஆனியில் சாரல் நன்றாக விழுந்தது. மகள் குடும்பம் வந்திருந்ததால் வேன் பிடித்து எல்லோரும் ஐந்தருவிக்குப் போனார்கள். வண்டி நிறுத்துகிற இடத்தில் ஒரே நெரிசல். விசிலை ஊதிக்கொண்டு ஒருவன் வழி காட்டினான். “வரலாம், வரலாம், லெஃப்ட்ல ஒடிங்க, போதும்.” சொன்னபடி செய்தால் வண்டி ஒரே தடவையில் இடுக்குக்குள் போய் நின்றது. இறங்கிப் பார்த்தால் சுடலைராஜ். மழைக்கோட்டு, கழுத்தில் விசில்.

“அண்ணாச்சி! சொகமா இருக்கீயளா?” என்று அவன்தான் முதலில் வந்தான். அவன் முகத்தில் ஒரு கோபமும் இல்லை. அதுதான் வேல்சாமிக்குத் தாங்கவில்லை. நீங்க போயிக் குளிங்க, நான் பிறவு வாரேன் என்று குடும்பத்தை அனுப்பினார்.

“லாரி ஓட்டலியாலே?”

“இல்ல அண்ணாச்சி. நாலு குவாரியில கேட்டேன். பேரச் சொன்னதும் சிரிக்காங்க. பிறவு எனக்கே விட்டுப்போச்சு.” அவன் ஒரு காருக்கு விசில் ஊதி அனுப்பிவிட்டு வந்தான். “நீங்க சொன்னா தப்பா இருக்காதுன்னு எனக்குத் தெரியும்லா. நான் காத்த இறக்கல. ஆனா வேற எங்கயோ தப்பா ஓட்டியிருக்கேன். என்னன்னுதான் இன்னைக்கு வரைக்கும் பிடிபடல. வளைவுல ஒடிக்கதா, பிரேக்கான்னு யோசிச்சு யோசிச்சுப் பாப்பேன். இப்ப மச்சான் ஆட்டோவத் தந்தாக்கூட எம் பிள்ளையள வச்சு ஓட்ட மாட்டேங்கேன்.”

வேல்சாமிக்கு அழுகை வந்துவிட்டது. மழையில் அது தெரியவில்லை. அப்போதுதான் சொன்னார். கேஜ் விழுந்ததை, டேப் ஒட்டினதை, சுஹைப் கடையில் பார்த்ததை, எல்லாவற்றையும் சொன்னார். “நீ ஒரு தப்பும் பண்ணலலே. எஞ் சொல்லக் கேட்டதுதான் நீ பண்ணுன தப்பு.”

சுடலைராஜ் அவர் பக்கமாகத் திரும்பினான்.

“எப்பத் தெரிஞ்சுது அண்ணாச்சி?”

“ரெண்டு வருசம் ஆவுது.”

“முதலாளிட்டச் சொன்னீயளா?”

“இல்லலே” என்றார் வேல்சாமி.

“எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? நான் பண்ணலன்னு எனக்கா நீங்க சொல்லணும்?” குரலை அவன் உயர்த்தவில்லை. விசிலை எடுத்துக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டான். அருவியில் குளிக்காமலே வேல்சாமி வேனுக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை குவாரி ஆபீசுக்குப் போனார். வேலை போனாலும் போகட்டும் என்று முடிவு செய்துகொண்டுதான் போனார். டிரைவர்கள் நாலைந்து பேர் வாசலில் நிற்க, அவர்களுக்கும் கேட்கும்படி முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னார். காமராஜ் முதலாளி டீயைக் குடித்துக்கொண்டே கேட்டார்.

“யாரு, மெலிஞ்சு நெட்டையா இருப்பானே, அவனா? சரி விடுங்க அண்ணாச்சி, நடந்தது நடந்துட்டு. அவன வரச் சொல்லுங்க. கோமதிசங்கரு நின்னுட்டதுல அஞ்சாம் நம்பரு ஆளில்லாம நாலு நாளா நிக்கி.”

இவ்வளவுதான். இதற்காகவா இரண்டு வருடம் பயந்தோம் என்று வேல்சாமிக்குத் தம் மேலேயே வெறுப்பாக இருந்தது. நம்பரைத் தேடிப் பிடித்து, அங்கேயே நின்று போன் போட்டார்.

“ஏலே சுடலை, முதலாளிட்டச் சொல்லிட்டேன். எல்லாரு முன்னாலயும் சொல்லிட்டேன். வரச் சொல்லுதாரு. உன் அஞ்சாம் நம்பரு வண்டிதான்.”

“எனக்கு லைசென்சு இல்லியே அண்ணாச்சி.”

“என்னலே சொல்லுத?”

“போன வருசம் மாசியில முடிஞ்சிட்டு. இனிமே லாரியில ஏறப்போறமான்னு புதுப்பிக்கல. ஒரு வருசம் தாண்டிட்டா மறுபடியும் டெஸ்ட்டு ஓட்டிக் காட்டணுமாம்.”

“அதுக்கென்ன, ஓட்டிக் காட்டு. நான் கூட வாரேன்.”

“கை நடுங்குது அண்ணாச்சி. மச்சான் ஆட்டோவுக்கே நடுங்குது.” அவன் நிறுத்தினான். பின்னால் ஏதோ வண்டி ஹாரன் அடித்தது. “உங்களுக்குத் தெரிஞ்ச அன்னைக்கே ஒரு போனு போட்டிருந்தீயன்னா நான் புதுப்பிச்சிருப்பேன். அப்ப எனக்கு இவ்வளவு பயம் கெடையாது. சரி, வண்டி வருது, வைக்கேன்.”

வேல்சாமி போனைச் சட்டைப்பையில் போட்டார். முதலாளி நிமிர்ந்து பார்த்தார்.

“என்ன சொல்லுதான்? எப்ப வாரானாம்?”

“வரமாட்டான் முதலாளி.”

“பாத்தீயளா திமிர! கூப்பிட்டுக் குடுத்தா வரமாட்டானாம்.”

வாசலில் நின்றவர்களில் ஒருவன் சிரித்தான்.

“திமிரு இல்ல முதலாளி. அவனுக்கு ஓட்ட பயமா இருக்கு. அந்தப் பயத்தக் குடுத்தது நான்” என்றார் வேல்சாமி.

முதலாளி அதற்குள் வேறு யாருக்கோ போன் போட்டு, ஐந்தாம் நம்பருக்கு ஆள் கேட்டுக்கொண்டிருந்தார்.