போகுதா, ஒழுகுதா?

நாய் படுத்த துணியைக் கையில் வாங்கியதும் டாக்டரம்மா முதலில் முகர்ந்து பார்ப்பார். பிறகு, குழந்தைக்குப் பால் சூடு பார்ப்பவர்போல் புறங்கையை அதன்மேல் ஒற்றுவார். உள்ளங்கையை அவர் நம்புவதில்லை. "நாள் முழுக்க சோப்பு போட்டுக் கழுவிக் கழுவி மரத்துப்போச்சு. புறங்கை பொய் சொல்லாது." முகம் சுளிக்கிறவர்களுக்காகவே வாசலில் ஒரு பெஞ்சு போட்டிருக்கிறார்.

மேசைக்குப் பின்னால் நாற்காலி உண்டு. அதில் யாரோ விட்டுப்போன பூனை உட்கார்ந்திருக்கும். டாக்டரம்மாவுக்குத் தரைதான். உட்காரும்போதெல்லாம் முழங்கால்கள் சடசடக்கும். "சும்மா இருங்க" என்று அவற்றையும் அதட்டுவார். நாய்களிடம் மரியாதையாகப் பேசுவார். ஆட்களிடம் அவ்வளவு எதிர்பார்க்கக் கூடாது.

பெரியவள் கொண்டுபோன நாய்க்குப் பெயர் சின்னவள். அம்மா வைத்தது. "எனக்கு ரெண்டு பொண்ணு. ஒண்ணு பம்ப் கம்பெனியில இன்ஜினியர், ஒண்ணு சோம்பேறி" என்று சொல்லிச் சிரிக்கும் அம்மா போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. காலையில் எழுந்து பார்த்தால் அம்மாவின் கட்டிலடியில் சின்னவள் படுத்த இடம் நனைந்து கிடக்கும். கூட வந்த அண்ணன் ஒரு முடிவோடு வந்திருந்தார்.

"அம்மா போன ஏக்கத்துல வீடு பூரா மூத்திரம் போகுது டாக்டர். வயசும் பத்தாச்சு. ஒரு ஊசியைப் போட்டு அனுப்பிடலாம்."

டாக்டரம்மா காதில் விழாததுபோல் பெரியவளிடம் திரும்பினார். "போகுதா, ஒழுகுதா?"

கழுத்தில் பம்ப் கம்பெனி அட்டையோடு நின்ற பெரியவள் விழித்தாள்.

"குந்தி உக்காந்து போனா, அது போறது. தூக்கத்துல அவங்களுக்கே தெரியாம வந்தா, ஒழுகறது. ரெண்டும் வேறம்மா."

தூங்கி எழுந்த சின்னவள் தன் படுக்கையைத் திடுக்கிட்டு முகர்ந்ததும், காதை மடக்கிக்கொண்டு மூலைக்குப் போனதும் பெரியவளுக்கு நினைவு வந்தது.

"ஒழுகுது டாக்டர்."

"கருத்தடை ஆயிருக்கா?"

"சின்னதுலயே."

"அப்ப மூத்திரப்பையோட வாய்த் தசை தளர்ந்திருக்கலாம். பம்ப்காரிக்கு நான் சொல்லணுமா? வால்வு லூசு. மருந்து இருக்கு. ஆனா கிருமி, சர்க்கரை, கல்லு எதுவும் இல்லைன்னு பாத்துட்டுத்தான் கொடுப்பேன்."

"சாயங்காலத்துக்கு மேல நான் தண்ணியே வைக்கறதில்ல" என்றார் அண்ணன், பாராட்டை எதிர்பார்த்து.

"நாளைக்கு உங்களுக்கும் ஒழுகும் சார். அப்ப உங்க சொம்பை ஒளிச்சு வைக்கச் சொல்லட்டுமா?"

அண்ணன் பெஞ்சுக்குப் போனார்.

டாக்டரம்மா அவர்கள் கொண்டுவந்திருந்த படுக்கையைப் புரட்டினார். ஓரம் கனமாக இருந்தது. தையல் விட்டிருந்த இடத்தில் விரலை நுழைத்து இழுத்தபோது உள்ளே ரப்பர் ஷீட் தெரிந்தது. மேல்துணி, பஞ்சு, ரப்பர், மறுபடி துணி. நெருக்கமான கைத்தையல்.

"இது யார் வேலை?"

"அம்மா. போன வருஷம் கழட்டின ஜன்னல் திரையில தைச்சாங்க. உள்ள ரப்பர் இருக்கறது எனக்குத் தெரியாது."

"அப்ப போன வருஷமே ஒழுகியிருக்கு. உங்கம்மா யார்கிட்டயும் மூச்சு விடாம அலசிப் போட்டுட்டு இருந்திருக்காங்க." டாக்டரம்மா தையலைத் தடவினார். "இது ஏக்கம் இல்லம்மா. ஏக்கம் மனசுல இருக்கும், மூத்திரப்பையில இருக்காது."

பெஞ்சிலிருந்து அண்ணன் எழுந்து வந்து அந்தத் தையலைப் பார்த்தார். ஊசிப் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை.

பரிசோதனையில் வேறு கோளாறு எதுவும் இல்லை. மருந்தைத் தினமும் சோற்றில் கலந்து கொடுக்க வேண்டும்; தண்ணீர்க் கிண்ணம் எந்நேரமும் நிறைந்திருக்க வேண்டும். "மருந்து நிறுத்தினா மறுபடி ஒழுகும். அதனால என்ன? நாம கண்ணாடி போட்டுக்கறதில்லையா?"

அடுத்த முறை படுக்கையைச் சுமந்து வந்தது அண்ணன். அறைக்குள் விரித்த உடனே சின்னவள் படுத்தாள். காத்திருந்த நேரத்தில் குறட்டையே விட்டாள். பெரியவள் நன்றி சொல்ல வாயெடுத்தாள். டாக்டரம்மா உதட்டில் விரலை வைத்தார். முழங்கால்கள் சடசடக்கக் கீழே உட்கார்ந்து, தூங்குகிறவளின் இடுப்புக்கு அடியில் புறங்கையை விட்டுப் பார்த்தார். பெரியவளின் கையை இழுத்துத் திருப்பி, அவள் புறங்கையையும் அதே இடத்தில், அம்மாவின் தையல்மேல், மெல்லச் செருகினார். துணி உலர்ந்து, கதகதப்பாக இருந்தது. டாக்டரம்மா அந்தக் கையை எடுக்க விடாமல் பிடித்துக்கொண்டார்.