நகம் வெட்டிவிட்டு உள்ளே வரவும்

"கைய நீட்டுங்க."

சிவசுப்பிரமணியம் நீட்டினார். இருநூறு பேர் வேலை பார்க்கும் பனியன் கம்பெனிக்கு முதலாளி. நூர்ஜான் முன்னால் மட்டும் பத்து விரலையும் விரித்துக்கொண்டு, வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தவர் மாதிரி நின்றார். நூர்ஜான் ஒவ்வொரு விரலாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்து வலது கை மோதிர விரலில் நின்றார். மேசைக் காலில் சணல் போட்டுக் கட்டியிருந்த நகவெட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"நேத்துத்தானுங்க வெட்டுனேன்."

"நேத்து வெட்டுனது இன்னைக்கு வளந்திருக்குதுங்க. சோறு திங்கறீங்கல்ல?"

"மீதி ஒம்பது விரல் சுத்தமா இருக்குதுங்களே."

"கிழிக்கறதுக்கு ஒண்ணு போதுமுங்க."

முதலாளி வெட்டினார். வெட்டிய பிறகுதான் அலமாரி திறந்தது.

திருப்பூர் காதர்பேட்டைக்குப் பின்னால் ஒரு சந்து. மாடியில் ஒரே அறை. கதவில் 'நகம் வெட்டிவிட்டு உள்ளே வரவும்' என்று ஓர் அட்டை. புதிதாக வருகிறவர்கள் இதை ஏதோ வைத்திய சாலை என்று நினைத்துக்கொள்வதுண்டு. உள்ளே இருப்பவை கறுப்பு ரப்பர் உடுப்புகள். வெட்சூட் என்பார்கள். கழுத்து முதல் கணுக்கால் வரை உடம்போடு ஒட்டிக் கிடக்கும். குளிர்ந்த நீரில் நீந்துகிறவர்களை விறைத்துப் போகாமல் காப்பாற்றும். திருப்பூர் வெயிலில் இதற்கு என்ன வேலை என்று கேட்டால் நூர்ஜானுக்குக் கோபம் வரும். "இங்க நெய்யிற ஸ்வெட்டரெல்லாம் இங்கயா போடறாங்க?" என்பார்.

இவை வந்து சேர்ந்த கதை கொஞ்சம் வேடிக்கை. அவருடைய கணவர் கலீல், ஏற்றுமதியில் மிஞ்சிய துணியை மூட்டை மூட்டையாக வாங்கி விற்கிறவர். மூட்டையின் வாயைப் பிரித்து மேலே இருப்பதை மட்டும் பார்த்து வாங்குவது அந்தத் தொழிலின் வழக்கம். ஒருமுறை மேலே நல்ல டி-ஷர்ட்டாக இருந்தது. அடியில் இருபத்துமூன்று வெட்சூட். கலீல் அதை மழைக்கோட்டு என்று முடிவு செய்துவிட்டார். முதலில் வாங்கிப் போட்டுப் பார்த்த பால்காரர் ஒருவரைக் கழற்றி எடுப்பதற்குள் கடை ஆட்கள் மூன்று பேருக்கு மூச்சு வாங்கிவிட்டது. "பிரசவம் பாத்த மாதிரி ஆயிருச்சுங்க" என்று கலீல் இன்னமும் சொல்லிச் சிரிப்பார்.

அது என்ன பொருள் என்று சொன்னவர் சிவசுப்பிரமணியம்தான். ஒரே மூச்சில் நீந்தி, சைக்கிள் மிதித்து, ஓடியும் முடிக்கிற டிரையத்லான் போட்டி ஒன்று உண்டென்றும், தான் அதற்குப் பைத்தியம் என்றும், வெளிநாட்டு ஏரிகளில் இந்த உடுப்பு இல்லாமல் ஆகாதென்றும் விளக்கினார். அன்றைக்கு மூட்டையை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டவர் நூர்ஜான். இப்போது கோயம்புத்தூர், ஈரோடு, சேலத்திலிருந்தெல்லாம் போட்டிக்குப் போகிறவர்கள் இவரிடம்தான் வாடகைக்கு எடுக்கிறார்கள்.

கொடுப்பதற்கு முன்னால் ஒரு பாடம் நடக்கும். நகம் படக் கூடாது, விரல் சதையால்தான் பிடித்து இழுக்க வேண்டும். காலில் பனியன் அடைக்கிற பாலிபேக்கை மாட்டிக்கொண்டு நுழைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். கழுத்து உராயாமல் இருக்க வாசலின் தடவுகிற ஆளுக்கு அடுத்த முறை உடுப்பு கிடையாது. அது ரப்பரைத் தின்றுவிடும். வெந்நீர் ஆகாது, சோப்புத்தூள் ஆகாது, வெயில் ஆகவே ஆகாது. பச்சைத் தண்ணீரில் அலசி, உள்பக்கத்தை வெளியே திருப்பி, நிழலில், தோளில் துண்டு போடுகிற மாதிரி தடித்த பைப்பில் இடுப்போடு மடித்துப் போட வேண்டும். "கட்டுன பொண்டாட்டியக்கூட இப்படிப் பாத்துக்க மாட்டோமுங்க" என்று ஒருவர் சொன்னார். "அது தெரிஞ்சுதானுங்க பாடம் எடுக்கறேன்" என்றார் நூர்ஜான்.

இருபத்துமூன்றில் இன்றைக்கு உயிரோடு இருப்பவை பத்தொன்பது. "நாலு மௌத்தாயிருச்சுங்க" என்பார், வீட்டு மனிதர்களைச் சொல்வது போல. அதில் ஒன்றைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார். நெஞ்சில் இஸ்திரிப் பெட்டி வடிவத்தில் ஒரு ஓட்டை. எதைக் கண்டாலும் தேய்த்து மடிக்கிற ஊரில், யாரோ ஒரு புண்ணியவான் அதையும் தேய்க்கக் கொடுத்துவிட்டான். மற்ற மூன்றும் ஒட்டுப்போடுவதற்குத் துண்டு துண்டாகப் பயன்படுகின்றன. நாலும் வாடகைக்குப் போன இடத்தில் போனவை. "எங்கையில இது வரைக்கும் ஒரு சூட்டு கிழிஞ்சதில்லைங்க" என்பதை நூர்ஜான் நாளைக்கு நாலு தடவையாவது சொல்லிவிடுவார்.

அந்தக் கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதினெட்டு வருஷம் பனியன் கம்பெனியில் செக்கிங் மேசை முன்னால் நின்ற கை. தைத்து வரும் துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைப் பிசிறு என்பார்கள். அதை வெட்டுகிற சின்னக் கத்தரி ஒன்று நாடாவில் கோத்து அவர் கழுத்தில் இன்னமும் கிடக்கிறது. பிசிறு கண்ணில் பட்டால் போதும், மனசு யோசிப்பதற்குள் கை வெட்டிவிடும். நிக்காஹ் மேடையில் மாப்பிள்ளைக்கு வாழ்த்துச் சொல்லப் போன இடத்தில் அவர் சட்டைக் காலரில் வெட்டியிருக்கிறார். டவுன் பஸ்ஸில் முன்சீட்டுப் பெண்ணின் துப்பட்டாவில் வெட்டி, அந்தப் பெண் திருடி என்று கத்தி, அது ஒரு பெரிய கதை.

பதினொன்றாம் நம்பர் உடுப்பு ஜோதிகாவுடையது. வாடகைதான், ஆனால் அவளுடையது என்றே வைத்துக்கொள்ளலாம். இருப்பதிலேயே சின்ன அளவு அது ஒன்றுதான், அவள் ஒருத்திக்குத்தான் பொருந்தும். மற்றதைப் போட்டால் கோணிக்குள் விழுந்த பூனை மாதிரி இருப்பாள். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து சிவசுப்பிரமணியத்தின் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிறாள். ஊர்க் கிணறுகளில் விழுந்து நீச்சல் பழகியவள். கம்பெனி விளையாட்டு விழாவில் அவள் ஓடியதைப் பார்த்த முதலாளி, தன் பைத்தியத்தை அவளுக்கும் ஒட்ட வைத்துவிட்டார். எட்டு மாதமாக ஷிப்டுக்கு முன்னால் சைக்கிள், ஷிப்டு முடிந்து ஓட்டம், ஞாயிற்றுக்கிழமை தாராபுரம் ரோட்டில் ஒரு தோட்டத்துக் கிணற்றில் நீச்சல். வெளிநாட்டுப் போட்டி ஒன்றுக்குப் பெயர் கொடுத்து, விசாவும் வந்துவிட்டது. அந்த ஏரியின் குளிருக்கு வெட்சூட் இல்லாதவர்களைத் தண்ணீரில் இறங்கவே விடமாட்டார்கள்.

கிளம்பப் பத்து நாள் இருக்கும்போது ஜோதிகா மாடிப்படி ஏறி வந்தாள். கையில் பாலிபேக். முகம் வீங்கியிருந்தது.

"அக்கா, கிழிச்சிட்டேங்க்கா."

அக்குளுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குத் தையல் வாய் பிளந்து கிடந்தது.

"நகமா, கிணத்துக் கல்லான்னு தெரியலக்கா. ஆனா நான்தான். வேற யாரும் தொடலைல்லா." இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினாள். ஒட்ட வெட்டி வெட்டி, பத்து விரல் நுனியும் சிவந்து போயிருந்தது. பார்க்கவே பாவமாக இருந்தது.

நூர்ஜான் உடுப்பை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். ரப்பரில் ஒரு கீறல் இல்லை. நகம் பட்டிருந்தால் பிறை மாதிரி வெட்டு விழும், கல் பட்டிருந்தால் தேய்ந்திருக்கும். நூல் மட்டும்தான் கழன்றிருந்தது. தையல் முடியும் இடத்தில் தங்கியிருந்த மிச்ச நூலின் நுனியைப் பார்த்தார். அறுந்த நுனி பஞ்சாகப் பிரிந்து நிற்கும். இது சாய்வாக, சுத்தமாக வெட்டப்பட்டிருந்தது.

அந்த வெட்டு யாருடையது என்று அவருக்குத் தெரியும். பதினெட்டு வருஷமாக அதே சாய்வு.

போன வாரம் அலசிக் காயவைத்துக் கொடுக்கும்போது, அக்குளுக்குக் கீழே அரிசி நீளத்துக்கு ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தது. வெட்டியதாக ஞாபகம் இல்லை. ஞாபகம் இருக்கும்படியான காரியமா அது? ஆனால் வெட்சூட்டில் போட்டிருப்பது சங்கிலித் தையல். அரிசி மூட்டையின் வாயில் போட்டிருப்பார்களே, சரியான முனையை இழுத்தால் சரசரவென்று பிரிந்து வருமே, அதே இனம். அந்த அரிசி நீள நூல்தான் முடிச்சின் வால். வெட்டியதும் முடிச்சு நழுவி, கிணற்றில் அவள் கைவீசிய ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு கண்ணியாகப் பிரிந்திருக்கிறது.

சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. எதிரில் நிற்பவளே குற்றத்தை ஏற்றுக்கொண்டு நிற்கிறாள். ஒட்டிக் கொடுத்து, "இனிமே பாத்து இரு கண்ணு" என்று ஒரு வார்த்தை சொன்னால் பெரிய மனுஷி என்ற பேரும் கிடைக்கும். நூர்ஜானுக்கு அந்த எண்ணம் வராமல் இல்லை. வந்தது, அரை நிமிஷம் உட்கார்ந்துவிட்டும் போனது. இத்தனை வருஷம் ஊரார் விரலையெல்லாம் திருப்பிப் பார்த்த வெட்கம் மொத்தமாகச் சேர்ந்து முகத்தில் ஏறியது.

"அழுவாத கண்ணு. இது உங்கையில்ல" என்றார். "என்ற கை."

கழுத்துக் கத்தரியைத் தூக்கிக் காட்டி, நடந்ததைச் சொன்னார். ஜோதிகா வாயைத் திறந்தபடி கேட்டாள். பிறகு அழுகையும் சிரிப்புமாக ஒரு சத்தம் வந்தது.

"மூணு நாளா நான் சோறு திங்கலக்கா."

"நெசமாவே மன்னிச்சுக்க கண்ணு."

"பிசிறக் கண்டா நானும் வெட்டத்தான் செய்வேன். திருப்பூர்ல எவ சும்மா விடுவா?" மூக்கைத் துடைத்துக்கொண்டாள். திடீரென்று குரல் மாறியது. "சரி, கைய நீட்டுங்க."

நூர்ஜான் நீட்டினார். ஜோதிகா பத்து விரலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நகமெல்லாம் சரியாக இருந்தது.

"கழுத்துல கெடக்கத கழட்டுங்க."

நாடாவைத் தலைவழியே கழற்றிக் கொடுத்தார். ஜோதிகா அதைத் தன் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

அடுத்த மூன்று நாள் அறையில் வேறு வேலை நடக்கவில்லை. பிளந்த இரண்டு விளிம்பிலும் கறுப்புப் பசையை மெல்லிசாகத் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும் வரை காத்திருந்து, மறுபடி தடவி, மூன்றாவது தடவைக்குப் பிறகு விளிம்போடு விளிம்பு சேர்த்து அழுத்தினார். ஒரு ராத்திரியும் ஒரு பகலும் தொடாமல் விட்டார். அப்புறம் வளைந்த ஊசி. ரப்பரின் பாதிக் கனம் வரைதான் ஊசி இறங்க வேண்டும். மறுபக்கம் எட்டிப் பார்த்தால் அந்தத் துளை வழியே தண்ணீர் வரும். கலீல் டீ கொண்டுவந்து வைத்தார், ஆறியதை எடுத்துக்கொண்டு போனார். "என்ற சட்டைப் பொத்தானுக்கு இந்த மரியாத ஒரு நாளும் கெடச்சதில்ல" என்றார். நூர்ஜான் நிமிரவில்லை. இது நிற்காவிட்டால் அந்தப் பெண்ணின் எட்டு மாதம் வீணாகிவிடும், வேறு உடுப்பும் இல்லை. அந்தப் பயம் ஒவ்வொரு குத்துக்கும் கூடவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தோட்டத்துக் கிணற்றுக்கு அவரும் போனார். தண்ணீர் என்றால் நூர்ஜானுக்கு வாளி அளவுதான் பழக்கம். படியில் பாதி இறங்கி, சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஜோதிகா பாலிபேக்கைக் காலில் மாட்டி, விரல் சதையால் இழுத்து இழுத்துப் போட்டுக்கொண்டு குதித்தாள். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு, அங்கிருந்து இங்கே. நூர்ஜான் வாய்க்குள் ஓதிக்கொண்டே எண்ணினார். அறுபதுக்கு மேல் எண்ணிக்கை தப்பிவிட்டது.

முக்கால் மணி நேரம் கழித்து அவள் படியேறி வந்து, கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றாள். நூர்ஜான் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தார். விரலால் அழுத்தினார், இழுத்தார், மறுபடி அழுத்தினார். போட்ட தையல் போட்டபடி இருந்தது. "அல்ஹம்துலில்லாஹ்" என்று மூச்சு விட்டபோது கண் நிறைந்துவிட்டது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

ஜோதிகா கழுத்தைத் திருப்பித் தன் அக்குள் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, இங்கன ஒரு பிசிறு நீட்டிக்கிட்டு இருக்கே."

முடிச்சின் வால், அவரே வேண்டுமென்று விட்டது. ஆனாலும் வலது கை தானாக எழுந்து கழுத்துக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை.

"இருந்துட்டுப் போவுது கண்ணு" என்று சொன்ன நூர்ஜான், இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒன்றை மற்றொன்றால் இறுகப் பிடித்துக்கொண்டார்.