கிளித்தலையும் சலவைச் சோடாவும்

முப்பது வருடம் கல்லூரியில் வேதியியல் நடத்தினேன். காரம் பற்றிய பாடம் வரும்போதெல்லாம் வகுப்புக்குக் கொஞ்சம் கச்சாப் பட்டு நூல் எடுத்துப்போவேன். விறைப்பாக, மங்கலாக இருக்கும் அந்த நூலைச் சோப்பும் சலவைச் சோடாவும் கரைத்த வெந்நீரில் கொதிக்கவிட்டால் மேலே படிந்திருக்கும் பசை கரைந்து, மெத்தென்று பளபளப்பாக வெளியே வரும். இதே பரிசோதனையை ஒன்பது வயதில் ஒரு கிளியின் தலையில் செய்து பார்த்தவன் நான் என்பதை மட்டும் மாணவர்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

கிளி என் அத்தையுடையது. அப்பாவின் தங்கை, அப்போது கல்யாணமாகவில்லை. சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக் கூடம் முழுவதும் தறி. தறிக்குப் பக்கத்து ஜன்னலில் கூண்டு. இன்று வீட்டில் கிளி வளர்த்தால் வனத்துறை ஆள் வந்து நிற்பார். அன்று அதை யாரும் தவறாக நினைக்கவில்லை.

தறியில் ஒரு பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் நூல், முடிந்து அடுத்தது ஏறும்போது பழைய இழை ஒவ்வொன்றோடும் புதிய இழையின் நுனியைச் சேர்த்து இரண்டு விரல்களுக்கு நடுவே முறுக்கிவிட வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். இழை வழுக்காமலிருக்க அத்தை விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தால் பேச்சு ஒரு பக்கம் ஓடும், விரல் ஒரு பக்கம் ஓடும். கிளிக்குப் பழைய இறகு உதிர்ந்து புதியது முளைக்கும் மாதங்களில் அதே விரல்கள்தான் அதன் தலைக்கும் வேலை செய்தன.

புதிய இறகு இறகாக முளைப்பதில்லை. முள்ளாக முளைக்கிறது. மெல்லிய வெள்ளை உறை ஒன்று அதைச் சுருட்டி வைத்திருக்கும். உடம்பில் முளைத்த முட்களைக் கிளி தானே மூக்கால் கோதி உறையை உதிர்த்துக்கொள்ளும்.

"தலைக்கு மட்டும் அதுக்கு மூக்கு எட்டாதுடா. தோப்புல இருந்தா இன்னொரு கிளி கோதி விட்டிருக்கும். இங்க நான்தான் இருக்கேன்" என்பாள் அத்தை.

மதியச் சாப்பாடு ஆனதும் கூண்டுக் கம்பிக்குள் விரலை நீட்டுவாள். கிளி நகர்ந்து வந்து தலையைக் குனிந்து கண்ணை மூடிக்கொள்ளும். முற்றிய முள்ளாகப் பார்த்து இழையைப் போல உருட்டுவாள். வெள்ளைத் தூள் உதிரும். உள்ளேயிருந்து ஒரு பச்சை இறகு விரியும். எனக்குப் பார்த்துத் தீராது. அப்பா இழை எண்ணுவதற்கு வைத்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்துவந்து கூண்டோடு ஒட்டிக்கொண்டு நிற்பேன். அவ்வளவு சின்னக் குழலுக்குள் அவ்வளவு இறகை மடித்தது யார்? பச்சை நிறம் உள்ளே ஏற்கெனவே இருக்கிறதா, காற்றுப் பட்டதும் வருகிறதா? ஏன் தினமும் நாலைந்து முள்தான், ஏன் எல்லாம் ஒரே நாளில் விரியக்கூடாது?

இதற்கு விடை எங்கள் தெருக்கோடியிலேயே இருப்பதாக எனக்குத் தோன்றியது. அங்கே பெரியப்பாவின் சாயக் கொட்டகை. விறைத்த பட்டு தொட்டிக்குள் போய் மிருதுவாக வெளியே வருவதை நடக்கத் தெரிந்த நாளிலிருந்து பார்க்கிறேன். கிளியின் தலையில் இருப்பதும் விறைப்புதான், வெள்ளைதான். அப்படியானால் அதுவும் பசைதான். ஒன்பது வயதில் அதில் எனக்கு ஒரு ஓட்டையும் தெரியவில்லை.

அந்த வாரம் அம்மாவும் அத்தையும் முசரவாக்கத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். மூன்று நாள். பஸ் ஏறுவதற்கு முன் அத்தை என்னிடம் சொன்னாள்: "தெனம் கொஞ்ச நேரம் தலைய கோதி வுடு. காஞ்சிபோயி வெளுத்திருக்குது பாரு, அந்த முள்ள மட்டும் தொடு. அடியில நீலமா ரத்தம் தெரியறத தொடாத. அதுக்கு வலிக்கும். நீ செய்வன்னுதான் உட்டுட்டுப் போறேன்."

முதல் நாள் சொன்னபடி செய்தேன். கிளி எனக்கும் குனிந்தது. அந்தப் பெருமையில்தான் மறுநாள் கொட்டகைக்குப் போனேன்.

"பெரியப்பா, கொஞ்சம் சோடா குடுங்க. சிலேட்டு கழுவணும்."

"உன் படிப்புக்கு சிலேட்டுல இன்னாடா அழுக்கு சேரப்போவுது?" என்று சிரித்துக்கொண்டே ஒரு கட்டியும், கேட்காமலே ஒரு துண்டு சோப்பும் கொடுத்தார்.

வெந்நீரில் கரைத்து, சூடு தாங்குகிறதா என்று என் கன்னத்தில் வைத்துக்கூடப் பார்த்தேன். பிறகு அப்பா கண்ணில் படாமல் கூண்டைக் கொல்லைப்புறம் தூக்கிப்போய், துணியை முக்கிக் கம்பிக்குள் கையை விட்டேன். கிளி நகர்ந்து வந்தது. தலையைக் குனிந்தது. கண்ணை மூடியது. இன்றுவரை என்னால் தாண்ட முடியாத இடம் இதுதான்.

நன்றாக அழுத்தித் தேய்த்தேன். முதலில் அது அசையவில்லை. அத்தை இல்லாத நேரத்தில் இதுவும் ஒரு வகைக் கோதல் என்று பொறுத்துக்கொண்டிருக்க வேண்டும். தண்ணீர் கண்ணுக்குள் இறங்கியதும் கத்தியது பாருங்கள், அதுவரை அப்படியொரு சத்தத்தை நான் கேட்டதில்லை. கூண்டு முழுவதும் மோதியது. கையை இழுக்காமல் இன்னும் நாலு தேய் தேய்த்தேன். பசை கரைய நேரமாகும் என்பது எனக்குத் தெரியுமே.

பிறகு பயந்து சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றினேன். இறகு எல்லாம் உடம்போடு ஒட்டி, எலிக்குஞ்சு அளவுக்குச் சுருங்கி நடுங்கியது. தறியிலிருந்து எழுந்து வந்த அப்பா, "இன்னாடா இது?" என்றார்.

"குளிச்சிச்சிப்பா."

"பரவால்லையே. அந்தப் புத்தி உனக்கு எப்ப வரப்போவுது?" என்று சொல்லிவிட்டுத் திரும்பப் போய் உட்கார்ந்தார்.

அத்தை வந்தபோது கிளியின் ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. தலைத்தோல் சிவந்து, பாதி முட்கள் முறிந்திருந்தன. பையைக்கூடக் கீழே வைக்காமல் கூண்டருகே குனிந்து முகர்ந்தாள். நெசவு வீட்டுப் பெண்ணுக்கு அந்த வாசனை தெரியாமல் போகுமா?

"இன்னா போட்ட?"

"ஒண்ணுமில்ல அத்த. தண்ணி தெளிச்சேன்."

அத்தை பையைக் கீழே வைத்தாள். அடிக்கவில்லை. அப்பாவிடமும் சொல்லவில்லை. எதிர்வீட்டில் பிள்ளை பெற்றிருந்தவளிடம் தாய்ப்பால் வாங்கி வந்து, திரியில் தொட்டுக் காலையும் மாலையும் அந்தக் கண்ணில் விட்டாள். மூன்றாவது வாரம் கண் திறந்தது. முட்கள் புதிதாக வந்தன. எனக்குப் பெரிய நிம்மதி. கெட்டது எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். எது கெட்டது என்றே எனக்குத் தெரியவில்லை.

கிளி அதற்குப் பிறகு யாருக்கும் குனியவில்லை. அத்தைக்கும்தான். விரலை நீட்டினால் எதிர்க் கம்பியோடு போய் ஒட்டிக்கொள்ளும். அவள் தினமும் நீட்டினாள். ஒருநாள் கடித்தது. சாம்பல் படிந்த அந்த விரலில் ரத்தம் வந்ததை அவள் முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு நீட்டுவதை நிறுத்திவிட்டாள்.

அடுத்த வருடம் இறகு உதிர்ந்து முளைத்தபோது கிளியின் தலை முழுவதும் வெள்ளை முள்ளாக நின்றது. உருட்டிவிட ஆளில்லை. கம்பியில் தலையைத் தேய்த்துத் தேய்த்து அதுவே பாடுபட்டது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அத்தை கூண்டுக்கு முதுகைக் காட்டியபடி இழை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

நான் சமையலறைக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன்: "அத்தைக்கு இப்பல்லாம் கிளிமேல ஆசையே இல்லம்மா. அது பாட்டுக்குத் தேச்சிக்கினு இருக்குது, அவங்க திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கறாங்க."