சின்ன கேட்டில் பதினேழு நொடி

அப்பாவைக் காணோம் என்று மனைவி வந்து சொன்னபோது மணி ஐந்து. வைட்ஃபீல்டில் எங்கள் அடுக்ககத்தின் மூன்றாவது மாடியை விட்டு அவர் தனியாக இறங்குவதே இல்லை. ஒரு வருடமாக நினைவு தடுமாறுகிறது, சர்க்கரை வேறு. வெளியே மெயின் ரோடு. அதில் யாரும் யாருக்காகவும் பிரேக் போடுவதில்லை.

எனக்குப் பயம் வந்தால் கூடவே தலைக்கனமும் வந்துவிடும். வீடியோ பிளேயர் மென்பொருள் எழுதுவதுதான் என் பிழைப்பு. "நான் கேமரா பாத்துச் சொல்றேன், அதுக்குள்ள கத்தாதே" என்று அவளிடம் எரிந்துவிழுந்துவிட்டு செக்யூரிட்டி அறைக்கு ஓடினேன்.

நடந்து வெளியே போக சின்ன கேட் ஒன்றுதான் வழி. மூன்று மணியிலிருந்து பதிவை வேகமாக ஓட்டினேன். நாய், தண்ணீர் கேன்காரர், பார்சல் வாங்கிக்கொண்டு திரும்பும் நான். அப்பா இல்லை. "வெளிய போகல, உள்ளதான் இருக்கார்" என்று எல்லாரிடமும் அடித்துச் சொன்னேன்.

முக்கால் மணி நேரம் மொட்டை மாடி, கார் நிறுத்துமிடம், ஜெனரேட்டர் அறை என்று தேடினோம். கடைசியில் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் தூக்கினோம். குனிந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை, வெட்கமில்லாமல் சொல்கிறேன். மனைவிதான் டார்ச் அடித்துப் பார்த்தாள். தண்ணீர் மட்டும்தான் இருந்தது. அவள் அடுத்த பிளாக்குக்கு ஓடினாள், நான் செக்யூரிட்டி அறைக்குத் திரும்பினேன்.

"ஸ்வல்ப நிதானவாகி நோடி சார்" என்றார் காவலர். கொஞ்சம் நிதானமாகப் பார்க்கச் சொல்கிறார், என்னிடம்! வேகமாக ஓட்டினாலும் எல்லாம் தெரியும் என்று அவருக்குப் பாடம் எடுக்க வாயைத் திறந்தேன். அப்போதுதான் உறைத்தது.

வீடியோவில் எல்லாப் படமும் முழுப் படம் அல்ல. இடைவெளி விட்டு ஒரு முழுப் படம் இருக்கும். நடுவில் இருப்பதெல்லாம் முந்தைய படத்திலிருந்து என்ன மாறியது என்ற குறிப்புதான். வேகமாக ஓட்டும்போது இந்த மாதிரிப் பதிவுப் பெட்டி நடுவில் உள்ளதை விட்டுவிட்டு முழுப் படங்களை மட்டும் தாவித் தாவிக் காட்டும். போன வருடம் அசோசியேஷன் கூட்டத்தில், டிஸ்க்கில் இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று அந்த இடைவெளியை இருபது நொடியாக நீட்டியவன் நானேதான். கைதட்டினார்கள்.

சாதாரண வேகத்தில் ஓட்டினேன். நான்கு இருபதுக்குக் கேட்டருகே நான் வருகிறேன், காதில் இயர்போன், ஆபீஸ் மீட்டிங். பார்சலை வாங்குகிறேன். பின்னாலேயே அப்பா, இஸ்திரி போட்ட சட்டையில். என் முன்னால் நின்று ஏதோ சொல்கிறார். நான் தலையை ஆட்டுகிறேன், மீட்டிங்கில் யாருக்கோ. அவர் கேட்டைத் தாண்டி இடப்பக்கம் திரும்புகிறார். அப்பா திரையில் இருந்தது மொத்தம் பதினேழு நொடி. அடுத்த முழுப் படத்தில் பார்சலோடு நான் மட்டும்.

காவலர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. மனைவிக்குப் போன் செய்து "இடப்பக்கம், பஸ் ஸ்டாப்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினேன். ரோட்டோரம் எங்காவது கூட்டம் கூடியிருக்கிறதா என்றுதான் கண் தேடியது.

பஸ் ஸ்டாப்பின் இரும்பு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வியர்வையில் சட்டை நனைந்திருந்தது, சர்க்கரை இறங்கியிருந்தது. எனக்குப் பின்னாலேயே மூச்சிரைக்க வந்த மனைவி, அவர் வாயில் ஒரு மிட்டாயைத் திணித்துவிட்டு அழுதாள்.

"சொல்லாம வரலாமா மாமா?"

"சொல்லாம யாரும்மா வந்தா? பஸ் ஏறி ஒக்கலிபுரம் போய் முடி வெட்டிக்கிட்டு வரேன்னு கேட்லயே இவன்கிட்ட சொன்னேனே. சரி சரின்னு தலைய ஆட்டினான்."

அவள் என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னாள். "பாவம், என்னவோ நினைச்சுக்கிட்டுப் பேசறார். டாக்டர்கிட்ட மாத்திரையக் கூட்டச் சொல்லணும்."

அப்பாவுக்கு அது கேட்டுவிட்டது. தனக்கே சந்தேகம் வந்தவர்போல என் முகத்தைப் பார்த்தார்.

"இல்ல," என்றேன். "அவர் சொன்னாரு."