ஆட்டுக்காரர் எடுத்த உறுதிமொழி

இன்று காலை வருமானச் சான்றிதழுக்காக ஓர் அரசு அலுவலக வரிசையில் நின்றேன். எந்த ஊர் என்று கேட்காதீர்கள், எனக்கு இன்னும் அங்கே வேலை இருக்கிறது.

திடீரென்று ஊழியர்கள் எல்லாரும் எழுந்து வலது கையை நீட்டினார்கள். "லஞ்சம் வாங்கவும் மாட்டேன், கொடுக்கவும் மாட்டேன்." அரசு எடுக்கச் சொன்ன உறுதிமொழி.

எனக்கு முன்னால், செருப்பெல்லாம் கரிசல் மண் அப்பியிருந்த ஓர் ஆட்டுக்காரர். வரிசையில் நிற்பவர்களும் சொல்ல வேண்டும்போல என்று நினைத்து அவரும் கை நீட்டிச் சொன்னார்.

பத்து நிமிடத்தில் அவர் முறை வந்தது. கிளார்க் குரலைத் தாழ்த்தினார்.

"நம்மளையும் கொஞ்சம் கவனியும்."

"இப்பதான சார் சத்தியம் பண்ணுனேன். மீறுனா கிடையில ஆடு தங்காது."

"அப்ப அடுத்த வாரம் வாரும்."

"மக ஸ்காலர்ஷிப்புக்கு நாளைக்குக் கடைசி நாள் சார்!"

கிளார்க் நிமிரவில்லை. ஆட்டுக்காரர் என்னைப் பார்த்தார்.

"அவியளும் சத்தியம் பண்ணத்தான செஞ்சாவ, அண்ணாச்சி?"

அடுத்த ஆள் நான். கிளார்க்கைக் கொஞ்சம் கவனித்தேன். சான்றிதழ் என் பையில் இருக்கிறது.

லஞ்சத்தை ஒழிப்போம் என்று சத்தியம் செய்து ஓட்டு வாங்கியவர்களிடம் ஆடு இல்லை. மீறினால் அவர்களுக்கு எது தங்காமல் போகும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.