என் மகள் வாய் திறந்த பரீட்சை

1996-ஆம் வருஷம் என் மகள் கல்யாணி பேசுவதை நிறுத்திவிட்டாள். "சாப்பிட்டியா" என்றால் "ம்" என்பாள். "தண்ணி வந்துச்சா" என்றால் "வந்தது" என்பாள். அவ்வளவுதான். அவளுக்கு முதல் குழந்தை பிறந்து, பெயர் வைக்கும் நாளுக்கு முன்பே போய்விட்டது. பெண் குழந்தை.

வெள்ளிக்கிழமை பூஜைக்கு வருகிற உங்களில் சிலர் அப்போது எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். நம் வழக்கப்படி ஆண்கள் மட்டும் போய்ப் புதைத்துவிட்டு வந்தார்கள். தொட்டிலை அன்றைக்கே வேறு வீட்டுக்கு அனுப்பினோம். பால் வற்றுவதற்காகக் கல்யாணியின் மார்பில் மல்லிகைச் சரத்தை வைத்துக் கட்டினோம். வாடியதும் எடுத்துவிட்டு வேறு சரம். "அழுதா அடுத்தது தங்காது. இனிமே அந்தப் பேச்ச யாரும் எடுக்கக் கூடாது" என்று அவள் மாமியார் சொன்னார். எல்லா வீட்டிலும் அப்படித்தான். நானும் எடுக்கவில்லை.

என் மாப்பிள்ளை ரகு எங்கள் ஊர் ஓரத்தில் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். குழந்தை பிறப்பதற்கு முன்பே, நியூசிலாந்தில் நிரந்தரமாகக் குடியேறுவதற்கு இரண்டு பேர் பெயரிலும் மனுப் போட்டிருந்தார். மனைவிக்கும் ஆங்கிலம் தெரியும் என்று நிரூபிக்க வேண்டும், இல்லையென்றால் எங்களால் நினைத்துப் பார்க்க முடியாத தொகையைக் கட்ட வேண்டும் என்றார்கள். கல்யாணி கன்னட மீடியத்தில் படித்தவள். அதனால் பரீட்சை எழுதியே ஆகவேண்டும்.

எனக்கு அதில் பயமே இல்லை. கல்யாணத்துக்கு முன் அவள் பட்டுப் புடவைக் கடையில் வேலை பார்த்தவள். அரண்மனை பார்க்க வரும் வெள்ளைக்காரர்களிடம் புடவையை விரித்துப் போட்டுச் சளைக்காமல் பேசுவாள். வாங்க வராதவர்கள்கூட வாங்கிக்கொண்டு போவார்கள்.

பெங்களூரில் முதல் பரீட்சை. படிப்பதிலும் எழுதுவதிலும் நல்ல மார்க். கடைசியில் ஒருவர் எதிரே உட்கார்ந்து, "உங்கள் குடும்பத்தைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றாராம். இவள் மேஜையைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டாள்.

மறுபடி எழுதச் சில மாதம் காத்திருக்க வேண்டும். அதிலும் தேறாவிட்டால் ரகு தனியாகத்தான் போகவேண்டும். அவள் மாமியார் கூடத்தில் உட்கார்ந்து, இவளுக்குக் கேட்கும்படியே சொன்னார்: "ஊமைக்கு எந்த ஊர்ல இடம் குடுப்பாங்க? அவன் போகட்டும். இவ அவ அம்மா வீட்லயே இருக்கட்டும்."

ரகு நல்லவர். ஆனால் அவரும் களைத்துப் போயிருந்தார். "அத்தை, சுவத்துகிட்டப் பேசற மாதிரி இருக்கு. எனக்கும் அது குழந்தைதானே" என்றார். இவர் தனியாகப் போனால் திரும்பி இவளைக் கூப்பிட மாட்டார் என்று எனக்கு அப்போது தோன்றியது.

தேவராஜ மொஹல்லாவில் ஒரு மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடந்தது. அங்கே சேர்த்தேன். ஆபீஸ் முடிந்து நானே போய்க் கூட்டி வருவேன். வகுப்பு நடத்தியவர் கன்னடக்காரர், தமிழும் பேசுவார். "ஏன்மாடோது அம்மா, என்ன செய்யறது? நானே கேள்வி கேட்டு நானே பதில் சொல்றேன். உங்க மகளால என் இங்கிலீஷ்தான் நல்லா ஆச்சு" என்றார். அவரோடு சேர்ந்து சிரித்தேன். படி இறங்கியதும் அழுதுவிட்டேன். மார்க்கெட்டில் பூக்கடை வரிசையைத் தாண்டும்போது கல்யாணி துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு வேகமாக நடப்பாள். சாக்கடை நாற்றத்துக்காக என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் ஆஷாட மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் சாமுண்டி மலைக்குப் படியேறிப் போனேன். கூட்டத்தில் அம்மன் முகத்தை ஒரு நிமிஷம்கூடச் சரியாகப் பார்க்க முடியவில்லை. தள்ளிவிட்டார்கள். வெளியே வந்து சுவரோரம் நின்று கேட்டேன். "தாயே, பரீட்சை உன் இஷ்டம். அவ வாயத் திற. என்கிட்டப் பேசாட்டியும் பரவாயில்ல. யார்கிட்டயாவது பேசட்டும்." வேறு எதுவும் வேண்டத் தோன்றவில்லை.

இரண்டாவது பரீட்சைக்கு லீவு போட்டுவிட்டு நானும் போனேன். வெளியே பெஞ்சில் காத்திருந்தேன். அவளுக்குப் பின்னால் போனவர்கள்கூட வந்துவிட்டார்கள். கடைசியாக வந்தாள். முகம் அழுது வீங்கியிருந்தது. போச்சு என்று நினைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. ரயிலேறினோம்.

ராமநகரத்துப் பாறைகள் தெரியும்போது அவளாகவே பேசினாள்.

"உங்க ஊர்ல எது பிரசித்தம்னு கேட்டாங்கம்மா."

"பட்டுன்னு சொன்னியா?"

"மல்லிகைன்னு சொன்னேன்."

எனக்குப் புரியவில்லை. அவள் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்.

"தலையில வச்சுக்குவியான்னு கேட்டாங்க. வைக்க மாட்டேன், என் பால வத்த வச்சது அந்தப் பூதான்னு சொன்னேன். அவங்களுக்கு விளங்கல. விளக்கிச் சொல்லச் சொன்னாங்க. சொன்னேன். கட்டினது, பால் கசிஞ்சு பூ நனைஞ்சது, குழந்தையக் கொண்டு போறப்ப என்னை எழுந்திருக்க விடாதது, எல்லாம் சொன்னேன். இங்கிலீஷ்ல சொல்ல முடிஞ்சதும்மா. அந்த வெள்ளைக்காரம்மா பேனாவக் கீழ வச்சுட்டாங்க. குழந்தை பேர் என்னன்னு கேட்டாங்க."

"நாம பேரே வைக்கலையே கண்ணு."

"நான் வச்சிருந்தேன். யமுனா."

"எங்ககிட்ட ஏண்டி சொல்லல?"

"யாரு கேட்டீங்க?"

பிறகு என் மடியில் முகத்தை வைத்து, அத்தனை பேர் இருக்கிற பெட்டியில், சத்தம் போட்டு அழுதாள். எதிர் சீட்டில் இருந்த அம்மா எழுந்து வந்து அவள் முதுகைத் தடவிக் கொடுத்தார். அவள் அழுவதை நான் தடுக்கவில்லை. மண்டியா வரை அழுதாள். வீட்டுக்குப் போனதும் ரகுவிடமும் சொன்னாள். கதவுக்குப் பின்னால் இரண்டு பேர் அழும் சத்தமும் கேட்டது. அதுதான் அந்த வீட்டில் அந்தக் குழந்தைக்காகக் கேட்ட முதல் அழுகை.

தேறிவிட்டாள். மறு வருஷம் இருவரும் புறப்பட்டுப் போனார்கள். வீட்டில் இப்போது பேச நான் மட்டும்தான் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் நிறையப் பேசுகிறாள். வைத்தபிறகு கொஞ்ச நேரம் என்னால் எழுந்திருக்க முடிவதில்லை. கேட்டதை அம்மன் கொடுத்தாள். கொடுத்ததோடு என் மகளையும் தூரமாக அனுப்பிவிட்டாள். இரண்டுக்கும் சேர்த்தே அவளைக் கும்பிடுகிறேன். மலைக்குப் போகும்போதெல்லாம் அர்ச்சனைக்கு யமுனா என்ற பெயரைச் சொல்கிறேன். குழந்தையைப் பறிகொடுத்த வீட்டுக்குப் போனால் இப்போது பேச்சை மாற்றுவதில்லை. தாய் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன பெயர் நினைத்திருந்தாய் என்று கேட்கிறேன்.

உங்கள் வீட்டிலும் யாராவது இப்படி வாய்மூடி இருந்தால், தாயிடம் போய்ச் சொல்லுங்கள். நெரிசலில் நின்று சொன்னாலும் அவளுக்குக் கேட்கும். எந்த வழியில் உதவி வரும் என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், அது நமக்குத் தெரியாது. எனக்கு முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை அனுப்பினாள். எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்காத கேள்வியை அவள் வாயில் கொடுத்து அனுப்பினாள்.