பிடில்காரர் சொன்ன ‘ஐ’

வளைகுடா நாட்டில், ராஸ் லஃபான் கேம்ப்பில் இன்ஜினியர்களின் அறைகளைச் சுத்தம் செய்வது என் டியூட்டி. அங்கே தங்கியிருந்த வயதான ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர், சாயங்காலங்களில் தன் ஊர் நாட்டுப்பாட்டுகளைப் பிடிலில் வாசிப்பார். கடல் பக்கமிருந்து வரும் மூடுபனி ஜன்னலில் படியும். அறையே மெல்ல மிதப்பது போலிருக்கும்.

ஒருநாள் துடைப்பத்தோடு வாசலில் நின்று, கூச்சத்தோடு, “சார், ஒன் மோர்?” என்றேன்.

“ஐ!” என்றார்.

நம் பிள்ளைகள் மிட்டாயைக் கண்டால் சொல்வார்களே, அதே ஐ. நான் கேட்டதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு தினமும் கேட்டேன். தினமும் ‘ஐ’தான்.

லீவில் ஊருக்குப் போனவர் இறந்துவிட்டதாகச் செய்தி வந்த அன்று, எங்கள் ரூமில் இதைச் சொன்னேன். பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார்.

“அட, ஐன்னா அவங்க ஊர்ல ஆமான்னு அர்த்தம்யா. சந்தோஷமாவது, மண்ணாவது!”

அப்படியானால் அவரைத் தொந்தரவுதான் செய்தேனோ? கண்ணை மூடிப் படுத்தேன். அந்த அறை திரும்ப மிதந்து வந்தது. முதல் நாள் ‘ஐ’ சொன்ன கையோடு, நாற்காலி மேல் கிடந்த துணிகளை அள்ளிக் கட்டிலில் போட்டுவிட்டு, என்னை உட்காரச் சொல்லிக் கைகாட்டினார். அதன்பிறகு நான் போன நாளெல்லாம் அந்த நாற்காலி காலியாகவே இருந்தது.